வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் பறவை

மார்கழி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். தாம்பரத்தில் காஞ்சிபுரம் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி, அதற்குள் இரண்டு பழைய போர்வைகள். பயணச்சீட்டு ஐம்பது ரூபாய்.

"பெட்டியில என்னம்மா?" என்று கேட்டார் நடத்துநர்.

"இப்ப ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போதுதான் இருக்கும்" என்றேன். லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்ற குழப்பத்தோடு அவர் நகர்ந்து போனார்.

நான் பல் மருத்துவர். முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் தொழில். பழைய சீனப் பீங்கான் சேர்ப்பது என் பைத்தியம். வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு ஜாடி இருக்கிறது. முழங்கை உயரம், பால் வெள்ளை, அதன் வயிற்றில் சிவப்பும் பொன்னுமாக நீளவால் பறவை ஒன்று. அது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. இந்த மாதிரி ஜாடிகளை ஜோடியாகத்தான் செய்வார்கள். இது பார்க்கும் பக்கத்தில், இதையே பார்த்தபடி இன்னொன்று இருந்தாக வேண்டும். பத்தொன்பது வருடமாக என் பறவை வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இன்னொன்று எனக்குக் கனவில்கூட வந்திருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் பல் கட்ட வந்த ஓர் அம்மாள், காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் எடுத்த சேலைப் படங்களைக் காட்டினார். மூன்றாவது படத்தில், சேலைக்குப் பின்னால் மாடத்தில், அது நின்றது. அழுக்கேறிய ஜாடி, ஆனால் அதே பறவை, எதிர்ப்பக்கம் பார்த்தபடி. சேலை என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலையே அந்த வீட்டுக்குப் பேசி முப்பதாயிரம் ரூபாய்க்கு முடித்துவிட்டேன்.

படப்பை தாண்டியதும் பனி பிடித்துக்கொண்டது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளைக் காணவில்லை, அவற்றின் விளக்குகள் மட்டும் ஆகாயத்தில் வரிசையாக மிதந்தன. வாலாஜாபாத்தில் யாரோ ஒரு கூடை சாமந்தியை ஏற்றினார்கள். ஐம்பது கிலோமீட்டரில் பாதியை நான் தூக்கத்தில் கடந்தேனா, விழித்திருந்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஏழு ஐம்பதுக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஒரு தெருமுனையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல போவாதும்மா. பாவு நீட்டிக்கினு இருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில், மாம்பழ மஞ்சளில் பட்டிழைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. தறியில் ஏறப்போகும் நீள இழைகள். பனியில் அவற்றின் மறுமுனை தெரியவில்லை. நான் பெட்டியை அணைத்துக்கொண்டு அந்த மஞ்சளின் ஓரமாகவே நடந்தேன். வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் மட்டும் வந்தது. தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எட்டே கால். நெசவாளர் ஏகாம்பரம் குழித்தறியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அவர் மனைவி கற்பகம் காபி கொடுத்துவிட்டு, உள்ளே போய், துண்டு போர்த்திய ஜாடியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார். துண்டை எடுத்தார்.

வெள்ளை.

திருப்பினேன். மறுபடி திருப்பினேன். பையிலிருந்த டார்ச்சை எடுத்து அடித்தேன். எங்கும் பளீரென்று வெள்ளை. அடிவிளிம்பில் மட்டும் கடுகளவு சிவப்பு.

"வேற ஜாடியாம்மா இது?"

"அதேதாம்மா!" கற்பகத்தின் முகம் மலர்ந்தது. "ஒரே கரியா இருந்திச்சி. நீங்க எவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க, அப்டியே குடுத்தா நல்லாவா இருக்கும்? பட்டுக்குப் பசை எடுக்கிற மாதிரி சோப்பும் சோடாவும் போட்டு ரெண்டு வாட்டி வேகவச்சேன். சாம்பல் போட்டு நாருல தேச்சேன். எப்டி வெளுத்துக்கினு இருக்குது பாருங்க!"

பச்சைப் பட்டுநூலில் ஒரு பசை ஒட்டியிருக்கும். சோடாவில் கொதித்தால்தான் மினுமினுப்பு வெளியே வரும். எதை வேகவைத்தாலும் உள்ளேயிருந்து அழகு வரும் என்றே பழகிய கைகள் அவை. பீங்கானில் கதை தலைகீழ். பொன்னும் சிவப்பும் கண்ணாடிப் பளபளப்புக்கு மேலே பூசியவை. அழகுதான் முதலில் போகும்.

"படத்தையே கழுவிட்டீங்களேம்மா!" என்று கத்திவிட்டேன். தறிச் சத்தம் நின்றது.

கைபேசியில் என் வீட்டு ஜாடியின் படத்தைக் காட்டினேன். கற்பகம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"இதுக்கு ஜோடியா? எனக்குத் தெரியாம போச்சே… துட்டு வேணாம்மா. நான் கெடுத்துட்டு எப்டி வாங்குவேன்?"

அழவேண்டியவள் நான், அவரை அழவைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். கைபேசியைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். அதை வாசற்கதவருகே தூக்கிப்போய், கண்மட்டத்தில் படுக்கவைத்து, மெல்ல உருட்டினார். பனி விலகி, வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"நேரா லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாதும்மா. வெள்ளப் பட்டுல வெள்ளப் பூ போடுறப்போ நாங்க இப்டித்தான் பாப்போம், சாய்ச்சி. இங்க வாங்க. தலையக் குனிங்க."

குனிந்தேன். மினுக்கும் வெள்ளையில், மினுக்காத ஒரு கோடு. சாயம் போன தடம். கோடு வளைந்து கழுத்தானது, நீண்டு வாலானது. இறகு இறகாக அது முழுசும் அங்கே இருந்தது, மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்ததுபோல்.

"எங்கியும் போவலம்மா. நிக்குது" என்றார் ஏகாம்பரம்.

முப்பது வருடம் டார்ச் பிடித்த எனக்குச் சாய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கற்பகத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பேசிய விலை பேசியதுதான் என்று பணத்தையும் வைத்தேன். கற்பகம் கழிவுப் பட்டிழைகளை அள்ளிவந்து பெட்டியில் மெத்தைபோல் அடைத்தார். என் போர்வைகளுக்கு வேலை இல்லை.

"உங்க வீட்டுலயும் தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்கமா. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

பதினொன்றரை மணிப் பேருந்து. ஏகாம்பரநாதர் கோபுரம் கொஞ்சதூரம் கூடவே வந்து, பின்தங்கியது. நடத்துநர் வேறு ஆள்; லக்கேஜுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

என் வீட்டுக் கூடம் அவர்கள் வீட்டைவிட மூன்று மடங்கு பெரியது. ஆனால் அந்த வாசல் வெளிச்சம் இங்கே கிடையாது. இரண்டையும் அருகருகே வைத்தேன். அன்று மாலை தெரியவில்லை. இரவு விளக்கிலும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, பக்கத்து மாடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே வெயில் சாய்ந்து நுழைந்தது. தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கைபேசியை எடுத்தேன்.

மறுமுனையில் தறிச் சத்தம் கேட்டது.

"தெரியுது கற்பகம்" என்றேன்.

அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"ரெண்டும் பாத்துக்கிச்சாமா?"

"பாத்துக்கிச்சு."