பென் டிரைவுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

உலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் காலையில் கண் விழிப்பது, அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆலையின் எடைமேடை அறையிலிருந்து உத்தரவு போன பிறகுதான். பாதி என்றது கொஞ்சம் கூடுதல். கால்வாசி என்று வைத்துக்கொண்டாலும் கூடுதல்தான். எண்ணிச் சொன்னால் பதினொரு நாட்டில் நானூறோ நானூற்றைம்பதோ. ஆனால் அந்த அறை ஆறடிக்கு எட்டடி, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மின்விசிறி போட்டால் காற்றைவிட நெல் சுணைதான் அதிகம் வரும் என்பதையெல்லாம் பார்த்தவர்களுக்குப் பாதி என்று சொல்லத்தான் வாய் வரும்.

அந்த அறைக்கு உடையவன் இனியவன். உடையவன் என்றால் சம்பளத்துக்கு உடையவன், ஆலை தியாகராசனுடையது. இனியவனின் அப்பா அதே ஆலையில் மூட்டை சுமந்தவர். மகன் மன்னார்குடியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அப்பா மூட்டை இறக்கிய வாசலிலேயே லாரிகளை நிறுத்தி எடை போடுகிறான். வயது முப்பத்தெட்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும், பேனா இருக்காது.

எடை போடுவதில் ஒரு முறை உண்டு. நெல்லோடு வண்டி மேடையில் ஏறும். அது லோடு எடை. பிறகு களத்துக்குப் போய் நெல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் ஏறும். அது காலி எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நெல். அப்போதுதான் சீட்டு அச்சாகும். இந்தச் சின்னக் கணக்குக்குத்தான் கம்ப்யூட்டர். அதுவும் நிலைத்து நின்றதில்லை. முப்பது டன் லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் அறையே அதிரும், சுணை உள்ளே புகும், கரண்ட் போய்ப் போய் வரும். இரண்டு வருஷத்தில் மூன்று ஹார்டு டிஸ்க் போயிற்று. நாலாவது வாங்கித் தர முடியாது, சிலேட்டு வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்று தியாகராசன் சொல்லிவிட்டார்.

இனியவன் சிலேட்டு வாங்கவில்லை. ஹார்டு டிஸ்க்கே இல்லாமல் ஓடினால் என்ன என்று தேட ஆரம்பித்தான். லினக்ஸில் அதற்கு வழி இருந்தது. மொத்த இயக்கமுறைமையையும் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்துக்குள் ஏற்றிவிடுவது. ஏற்றியாயிற்றென்றால் பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நாற்றைப் பறித்து வயலில் நட்ட பிறகு நாற்றங்கால் எதற்கு? அந்த மாதிரி. அதிர்ந்து கெட ஒன்றும் இல்லை, சுணை அடைக்க ஒன்றும் இல்லை. ஒரே குறை, கரண்ட் போனால் நினைவகம் துடைத்துவிட்டது போல் ஆகிவிடும். அதனால் அணைக்கும் முன்பு, அன்றைக்கு மாறியதை மட்டும் பென் டிரைவில் திருப்பி எழுத வேண்டும்.

ஏற்றுவதற்கும் திருப்பி எழுதுவதற்கும் அவனே சில கருவிகளை எழுதினான். அதற்கு நாத்து என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டும் விட்டான். போட்ட பிறகுதான் தெரிந்தது, இலவசமாகக் கொடுப்பது பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி, கொடுத்ததோடு முடிகிற காரியமில்லை என்று. பின்லாந்தில் ஒருவருக்குத் திரை கறுப்பாக வருகிறது. கென்யாவில் ஒரு நூலகத்தில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது. பொலிவியாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பழைய கம்ப்யூட்டர் பதினாறை இதை வைத்தே ஓட்டுகிறவர், வாரம் ஒரு கடிதம் போடுவார். இனியவன் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் பதில் எழுதுவான். பாதியில் ஹாரன் கேட்டால், 'லாரி வந்துவிட்டது, பொறுங்கள்' என்று எழுதிவிட்டு எழுந்து போவான். இப்போது பின்லாந்துக்காரரும் வேலை இருந்தால் அப்படித்தான் எழுதுகிறாராம்.

அந்தப் பொலிவியா வாத்தியார் இரண்டு வருஷமாக ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். அணைக்கும்போது மட்டும் எழுதினால் போதாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகவே எழுதட்டும் என்று. பென் டிரைவ் தேய்ந்துபோகும் என்று இனியவன் மறுத்து வந்தான். போன வருஷம் குறுவை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் மனம் இளகி, அதையும் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டான். வெளியிட்ட ஒரு வாரத்தில் அதே வாத்தியாரிடமிருந்து கடிதம். பென் டிரைவைப் பிடுங்கி வைத்தால் மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் தூங்கி வழிகிறது என்றிருந்தார். கேட்டதைக் கொடுத்தும் குறையா என்று இனியவனுக்குச் சுருக்கென்றது. நினைவகம் கூடுதலாக வாங்கிப் போடுங்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டான்.

நாலாம் நாள் ஆயுத பூஜை.

அந்த ஆலையில் ஆயுத பூஜைக்கு அதிகாரி காத்தாயி. எடைமேடையில் சிந்துகிற நெல்லையும் மண்ணையும் வண்டிக்கு வண்டி பெருக்குவது அவர் வேலை. அவர் பெருக்கித் தலையாட்டினால்தான் அடுத்த வண்டி ஏறலாம். முதலாளிக்கே அந்தத் தலையாட்டல் வேண்டும். பூஜையில் முறையும் சட்டமும் அவர் வைத்ததுதான். காலை ஒன்பது மணிக்கு அலுவலக அறையில் நோட்டு, பேனா, பென்சில், திருப்புளி, சாக்கு ஊசி எல்லாம் வாழை இலையில் ஏறிவிட்டன. சரஸ்வதி பூஜையும் அதுதானே, மறுநாள் மறுபூஜை முடிகிற வரை யாரும் எழுதக்கூடாது, இலையிலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது. ஆனால் வாசலில் குறுவை நெல் வரிசையாக நின்றது, மேகமும் நின்றது. எடை போடாமல் இருக்க முடியாது. காத்தாயி யோசித்து, தட்டுவது எழுதுவதில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். இனியவனும் தாராளமாக, கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, இனிமேல் இது தேவையில்லை என்று பென் டிரைவைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தான். மூன்று வருஷமாகக் கொடுப்பதுதான். அதைக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. நாற்றங்கால் பூஜையில் இருக்க, வயல் பாட்டுக்கு விளைகிறது பார் என்று.

பதினொன்றரை மணிக்குத் திரை மந்தமாயிற்று. எண்ணைத் தட்டினால் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது. மூலையில் நினைவகத்தின் அளவு காட்டும் கட்டத்தைப் பார்த்தான். நூற்றுக்கு எண்பத்து நாலு.

அப்போது களத்தில் ஒன்பது வண்டிகள் நெல் கொட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதுக்கும் லோடு எடை ஏறியாயிற்று. காலி எடை பாக்கி. முதல் வண்டி வேம்புவினுடையது. பக்கத்து ஊரில் பத்து வயதிலிருந்து நடவுக்குப் போனவள், அந்த வருஷம்தான் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரில் குறுவை போட்டிருந்தாள். ஆலை வாசலில் வாடகைக்கு நிற்கும் பரிதியின் டிராக்டரைப் பிடித்து வந்து, நெல்லைக் கொட்டி முடித்து, வேப்பமரத்தடியில் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் நெல்லின் மேல் அடுத்த வண்டி நெல் விழுந்து ஒரே அம்பாரமாகிவிட்டது. திரும்ப அள்ளி எடை போட்டுத் தா என்றால் யாராலும் முடியாது. அவளுடைய மூன்று மாதம் இப்போது இனியவனின் கம்ப்யூட்டருக்குள் ஓர் எண்ணாக இருந்தது, வேறு எங்கும் இல்லை.

இனியவனுக்குப் பொலிவியாக் கடிதம் அப்போது புரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நாத்து ஒரு பிரதி எடுக்கிறது. பென் டிரைவைத் தேடுகிறது. காணோம். சரி, வரட்டும் என்று பிரதியை நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. ஒன்பது மணியிலிருந்து பதினைந்து பிரதிகள். மதகை மூடிவிட்டு வாய்க்காலில் தண்ணீர் விட்ட கதை. கரையை உடைத்துக்கொண்டு போகிற நேரத்தில், லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, ஓடுவதில் பெரியது எதுவோ அதைக் கொன்றுவிடும். ஓடுவதில் பெரியது எடை போடும் நிரல்தான். ஒன்பது எடையும் அதோடு போகும்.

எண்களையாவது பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பாக்கிப் பட்டியலைத் திறந்தான். வெள்ளையாக ஒரு கட்டம் வந்து அப்படியே நின்றுவிட்டது. எண்பத்தெட்டு ஆயிற்று. கையை எடுத்துக்கொண்டான். இனி எதைத் தட்டினாலும் அது ஒரு வாளித் தண்ணீர். மிச்சமிருந்தது ஒரே வழி. அந்தப் பென் டிரைவைச் செருகினால் போதும். ஒன்றும் தட்ட வேண்டாம், நாத்து தானாகக் கண்டுகொண்டு பிரதிகளை அதில் கொட்டிவிடும். வேறு பென் டிரைவ் ஆகாது. உள்ளே எழுதியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் அது ஏற்றுக்கொள்ளும். அப்படி எழுதி வைத்தவனும் இவனே.

அலுவலக அறைக்கு ஓடினான். பென் டிரைவ் சாக்கு ஊசிக்கும் திருப்புளிக்கும் நடுவே பொட்டோடு படுத்திருந்தது. கை நீட்டுவதற்குள் காத்தாயி வாசலை மறித்தார்.

"கற்பூரம் காட்டியாச்சு தம்பி. நாளைக்குத்தான்."

இனியவன் நடந்ததைச் சொன்னான். நினைவகம், பிரதி என்றெல்லாம் சொல்லாமல், ஒன்பது வண்டி எடை அழியப்போகிறது, தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னான். காத்தாயி வேப்பமரத்தடியை ஒரு தரம் பார்த்தார். வேம்பு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலாம்னா எடுத்துக் குடுக்க மாட்டேனா? சாமிக்கு வச்சது. முறைன்னு ஒண்ணு வேணாமா?"

"டிராக்டருக்குக் காலையில பூசை போட்டீங்க. அது இந்நேரம் களத்துக்கும் மேடைக்கும் ஓடிக்கிட்டுதானே இருக்கு, அக்கா?"

"அதுக்கு எலுமிச்சம்பழம் நசுக்குனோம். நசுக்குனா வண்டி வேலைக்குப் போவலாம். இதுக்குச் சக்கரம் எங்க இருக்கு?"

தொண்ணூறு ஆகியிருக்கும் என்று இனியவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பென் டிரைவை வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் நசுங்குவது பென் டிரைவ்தான். சாறு உள்ளே போனால் மொத்தமும் போயிற்று. அப்போது பரிதி, டிராக்டர் மேலிருந்தபடியே ஒரு யோசனை சொன்னான். அதை என் சட்டைப் பையில் போடுங்கள். நான் வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறேன். வண்டியில் இருக்கிறது எல்லாம் வண்டிதானே என்றான். லாரியில் போகிற மூட்டைக்குத் தனி டோல் உண்டா என்றும் கேட்டான். காத்தாயி வாசலை விட்டு உள்ளே திரும்பினார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

அவரே இலையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பரிதியின் பையில் போட்டார். அவரே எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து, கையை உயர்த்தினார். டிராக்டர் ஓரடி முன்னால் வந்து நின்றது. காத்தாயி குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இனியவன் பையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. தொண்ணூற்று மூன்று.

பிடுங்கிப் பார்த்தால், செருகுகிற வாய் முழுக்கச் சந்தனம். மற்ற வருஷங்களில் மூடியின் மேல் பொட்டு வைப்பார்கள். இந்த வருஷம் மூடியைக் கழற்றியிருக்கிறது. ஜன்னல் வழியாக இனியவன் பார்த்த பார்வைக்குக் காத்தாயி அசரவில்லை.

"மூடி மேல வச்சா மூடிக்குத்தானே பூசை?"

வேம்புதான் ஓடிவந்து துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தாள். என்ன ஏது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தன்னையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தன் காரியம்தான் என்று தெரிந்துகொண்டாள். இனியவன் அவசரத்தில் குத்திய குத்தில் சந்தனம் இன்னும் உள்ளே போயிற்று. இரண்டையும் அவளே வாங்கி, பல்லில் சிக்கியதை எடுக்கிற மாதிரி நிதானமாகச் சுரண்டி, ஊதி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மறுபடி செருகியபோது தொண்ணூற்று ஆறு. பென் டிரைவின் சின்ன விளக்கு ஒரு தரம் மின்னி, யோசித்து, பிறகு விடாமல் மின்ன ஆரம்பித்தது. கட்டத்தில் எண் நின்றது. பிறகு இறங்கிற்று. தொண்ணூறு, எழுபது, நாற்பத்தொன்று. வெள்ளைக் கட்டத்துக்குள் ஒன்பது வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

பரிதியின் டிராக்டர் மேடை ஏறிற்று. காலி எடை, கழித்தல், சீட்டு. மூவாயிரத்து நானூற்று இருபது கிலோ. வேம்பு சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் ஊர் மேடையாக இருந்தால் இன்னும் இருபது கிலோ கூட நின்றிருக்கும் என்றாள். எடைமேடையில் அப்படிச் சொல்லாமல் போனவர்கள் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலமே இனியவன் பொலிவியாவுக்கு எழுதினான். தட்டுவது எழுதுவதில் சேராது என்ற தீர்ப்பு கைகொடுத்தது. நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது திமிர், மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். பென் டிரைவ் இல்லாவிட்டால் பழைய பிரதியை அழித்துவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிற மாதிரி நாத்தைத் திருத்தினான். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று சேர்ந்தது: பென் டிரைவைப் பிடுங்கி ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பொலிவியா வாத்தியாரின் பெயரும் அதன் கீழே காத்தாயி பெயரும் இருக்கின்றன. எச்சரிக்கைப் பகுதியில், செருகும் வாயில் சந்தனம் வைக்காதீர்கள் என்று ஒரு வரி. பின்லாந்துக்காரர் இதுவரை வைத்ததில்லை என்று பதில் எழுதியிருக்கிறார்.

ஆலையில் இனி அதுவே வழக்கம். பூஜை முடிந்த கையோடு பென் டிரைவ் பரிதியின் பைக்குப் போகும், டிராக்டர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும், பென் டிரைவ் வேலைக்குத் திரும்பும். முதல் தடவை அந்தப் பழம் நசுங்கிய சத்தம் தஞ்சாவூர் வரை கேட்டது என்று முடித்தால் பொருத்தமாக இருக்கும்.

இதுவரை எழுதியதைக் காத்தாயிக்குப் படித்துக் காட்டியாயிற்று. பொலிவியா எந்தப் பக்கம் என்று கேட்டார். வேறெதையும் மறுக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"பழம் எங்க நசுங்குச்சு? சக்கரம் பட்டதும் உருண்டு வாய்க்கால்ல போய் விழுந்துடுச்சு. அந்தப் பொண்ணு நின்ன நிலைக்கு நான்தான் ஆச்சுன்னு தலையாட்டுனேன். தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."