தேனாம்பேட்டை வசந்தா

இன்று காலை வாஷிங் மெஷினில் போடுமுன் கணவரின் சட்டையை என்னையறியாமல் முகர்ந்துவிட்டேன். வியர்வை வாடை மட்டும்தான். உடனே அம்மா ஞாபகம் வந்தது.

அடையாற்றங்கரை வீட்டில் அம்மாவுக்கு அன்றாடம் இதே வேலை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து அப்பா வந்ததும் சட்டையைப் பிடுங்கிக் காலரை முகர்வாள், பையைத் துழாவுவாள். கிரீஸும் பீடியும்தான் நாறும். அதுவே அவள் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

“ஒண்ணுமே சிக்கலன்னா, நீ அவ்ளோ உஷாரா கீறன்னுதான அர்த்தம்?”

“இல்லாதவள இல்லன்னு நான் எப்டிடி காட்றது?” என்பார் அப்பா.

ஒருநாள் அவருக்கு அலுத்துப்போயிற்று. “ஆமா, ஒருத்தி கீறா. பேரு வசந்தா. தேனாம்பேட்டை. போதுமா?”

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யோவ், உனக்குப் பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல!”

அன்றோடு சட்டையை முகர்வதை விட்டுவிட்டாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. அந்தப் பெயருக்காக அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழகிய பெயர் போல அது வாயில் வந்து விழுந்தது.

கணவரின் சட்டையை இன்னொரு முறை முகர்ந்த பிறகுதான் மெஷினில் போட்டேன்.