ஃபெல்ட் துணியில் ஒரு முந்திரிப்பழம்

போன வாரம் என் மனைவி செல்வி கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். தீபாவளிப் பரிசுக்கென்று யாரோ ஃபெல்ட் துணியில் ஊசி குத்தி வைக்கும் சின்னத் திண்டுகள் செய்து விற்கிறார்கள். காளான், பூனை, தர்பூசணிக் கீற்று. "எதப் பாத்தாலும் இன்னதுன்னு தெரியுது, கவனிச்சீங்களா?" என்றாள். அந்தக் 'கவனிச்சீங்களா' எனக்கானது. ஏனென்று சொல்கிறேன்.

ஃபெல்ட் என்பது நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்துணி. வெட்டினால் ஓரம் பிரியாது என்பதால் தைக்கத் தெரியாதவனுக்கும் தைரியம் கொடுத்துவிடும். நனைந்த கம்பளி போல லேசாக ஒரு வாடை. அதை நினைத்தாலே எனக்குப் பெரம்பலூர் வந்துவிடுகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது.

மாமியார் வீடு உடையார்பாளையம். மாமியார் தையல்காரர். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களோடு அவர் பேசுவது தெருமுனை வரை கேட்கும். என்னைக் கண்டால் மட்டும் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். மாப்பிள்ளையோடு நேராகப் பேசுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. "மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு இட்லி வேணுமான்னு கேளுடி" என்று கதவு கேட்கும். "போதும்னு சொல்லு" என்று நான் செல்வியிடம் சொல்வேன். ஒரே வீட்டுக்குள் ஆபரேட்டர் வைத்து டிரங்க் கால் பேசிய குடும்பம் எங்களுடையது.

நான் அம்மாவைச் சிறு வயதிலேயே இழந்தவன். முகம் பார்த்துச் 'சாப்பிட்டியா' என்று கேட்கும் குரல் வேண்டுமென்று உள்ளுக்குள் ஓர் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தலை தீபாவளிக்குள் அந்த அம்மாளை என்னிடம் ஒரு வார்த்தையாவது நேரே பேச வைப்பது என்று தீர்மானித்தேன். அவருக்கு ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொள்ளும் பழக்கம். ஆகவே ஊசித் திண்டு. உடையார்பாளையம் முந்திரிக்காட்டு ஊர், ஆகவே முந்திரிப்பழ வடிவம். தர்க்கம் பிசகில்லாமல்தான் இருந்தது.

பள்ளியின் கைத்தொழில் டீச்சர் மிச்சத் துணி கொடுத்தார். உள்ளே அடைக்கப் பஞ்சு? கல்யாணச் சீர்வரிசையில் வந்த தலையணையைப் பிரித்து எடுத்தேன். அதாவது மாமியார் கொடுத்த இலவம்பஞ்சு, மாமியாருக்கே.

முடித்ததும் டீச்சரிடம் காட்டினேன்.

"குண்டு பல்பு நல்லா வந்திருக்கு சார்."

"முந்திரிப்பழம் டீச்சர்."

"அப்ப முந்திரி எங்க?"

"அடியில தச்சிருக்கேனே."

"ஓ, அதுவா? ஹோல்டருன்னு நெனச்சேன்."

வெறுமனே இருந்தால்தானே பல்பு என்று, புது ஊசிகளாக வாங்கி உடம்பெல்லாம் குத்தினேன். தீபாவளிக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பையைக்கூட இறக்காமல் கதவை நெருங்கி, பழத்தை நீட்டினேன்.

"ஐயய்யோ! கையில குடுக்காதீங்க மாப்பிள்ள! கீழ வைங்க, கீழ வைங்க!"

ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், பெருமையில் மறந்துவிட்டது. வைத்தேன். அவர் வெளியே வந்து எடுத்தார். அப்போதுதான் உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா, அவருகிட்ட பேசிட்டியே!" என்றாள் செல்வி.

"பின்ன? ஒறவே போவட்டும்னு வாய மூடிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

பிறகு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்: "இது என்னங்க மாப்பிள்ள, கத்திரிக்காயா?"

என் கைத்திறனை அவ்வளவு அவமானப்படுத்திய கேள்விக்கு அவ்வளவு மகிழ்ந்தவன் வேறு யாரும் இருக்க முடியாது.

இப்போதைய மாப்பிள்ளைகள் நிச்சயத்துக்கு முன்பே மாமியாரோடு வாட்ஸப்பில் அரட்டை அடிக்கிறார்கள். நல்லதுதான். எனக்காகத் திறந்த என் மாமியாரின் வாயோ அதன் பிறகு மூடவேயில்லை. சாயங்காலமானால் போன் வரும். மகளைக் கேட்கமாட்டார். "அவ கெடக்கறா. நீங்க என்ன சாப்டீங்க? பஜ்ஜியா? இந்த வயசுல பஜ்ஜி எதுக்குங்க? எந்திரிச்சி நடங்க!" என்பார். பல வருடம் நடந்தேன்.

அவர் போனதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது.