தலைவரின் பொம்மர்

இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகக் காரை நிறுத்தத் தெரியாமல் லைசென்ஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்ட மனிதர் ஒருவர், விமானம் ஓட்டுவதென்று முடிவெடுத்தார். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் அவர்களோடுதான் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஓர் உயர்ந்த அப்பார்ட்மென்ற் கட்டிடத்தில் குடியிருந்தேன். என்னிடம் லைசென்சும் ஒரு பழைய காரும் இருந்தன. ஆகவே இந்தக் கதைக்குள் நான் நுழைந்தது சாரதியாகத்தான்.

விமானம் என்றால் ரேடியோவால் இயக்கும் சின்ன விமானம். சின்னது என்றாலும் கைக்குள் அடங்குவது அல்ல. இரண்டு கைகளையும் அகல விரித்தால் எவ்வளவோ, இறக்கை அவ்வளவு நீளம். ஒஷாவாவில் அத்தானோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவர் ஓய்வுபெறும்போது, பாதி கட்டிய ஒன்றைப் பெட்டியோடு அவரிடம் தள்ளிவிட்டார். அந்தக் குப்பையை வீட்டிலிருந்து அகற்றும்படி கிழவரின் மனைவி சண்டை பிடித்தாளாம். அத்தானோ, தன் தகுதியறிந்து ஒப்படைத்த பொறுப்பாக அதை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு உது புதுசில்லைத் தம்பி. நான் பைலட்டா வந்திருக்க வேண்டிய ஆள்."

"எப்ப அத்தான்?"

"ஏ.எல். சோதனை ரிசல்ற் மட்டும் கொஞ்சம் சரியா வந்திருந்தா."

இலையுதிர்காலம் முழுவதும் எங்கள் லிவிங் ரூமில் விமானம் கட்டப்பட்டது. பால்சா என்ற அந்த மரம் பஞ்சைவிட லேசு. அதை உரசினால் வரும் தூள் சோற்றில் விழுந்தது, சம்பலில் விழுந்தது, தூங்குகிறவர் மூக்கிலும் ஏறியது. பசையின் மணத்தில் எனக்குத் தலை சுற்றும். சாப்பாட்டு மேசையில் இறக்கை காய்ந்துகொண்டிருந்ததால் நாங்கள் தரையில் இருந்து சாப்பிட்டோம். அக்கா பொறுத்துப் பார்த்தாள். பொறுமை அவளுக்குப் பெரிதாக வாய்த்த குணமல்ல.

"இஞ்சாருங்கோ, ஊரிலை பிளேன் வந்தா வீட்டை விட்டு ஓடினம். இப்ப பிளேன் வீட்டுக்குள்ளையே வந்திட்டுது. இனி எங்கை ஓடுறது?"

"உமக்கு உதின்ரை அருமை விளங்காது."

"ஓம், எனக்குப் பிளேனைப் பற்றி ஒண்டும் தெரியாதுதான்" என்றுவிட்டு அவள் சட்டியைக் கொஞ்சம் பலமாகவே அடுப்பில் வைத்தாள்.

டிசம்பரில் விமானம் முடிந்தது. எந்தப் புத்தியுள்ளவனும் வசந்தம் வரட்டும் என்று காத்திருப்பான். ஆனால் பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு விவசாயியின் வயலில் பறக்கவிடும் கிளப் ஒன்று இருந்தது. அந்த வயல் குளிர்காலத்தில்தான் சும்மா கிடக்கும். பனி இறுகியதும் முழு வயலுமே ஓடுபாதை. சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிவிடுவார்கள். அத்தான் சந்தாவைக் கட்டிச் சேர்ந்தார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ரொறன்ரோவில் அவர் சேராத ஊர்ச் சங்கம் கிடையாது. அவருடைய பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்தபோது, யாரையும் நோகடிக்கக் கூடாதென்று இரண்டிலும் இருந்தவர்.

முதல் நாள் போனபோது நான் கண்ட காட்சி இது: கண் எட்டும் வரை வெள்ளை. அதன் நடுவே பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், மூக்கு ஒழுக, வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். விரல் விறைக்காமல் இருக்க, இரண்டு கைகளையும் றிமோட்டோடு சேர்த்து நுழைக்கிற ஒரு பை வைத்திருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆளுக்கொரு பூனையை மடியில் வைத்துத் தடவுவதுபோல் இருந்தது. பாதி நேரம் எந்த இயந்திரமும் ஸ்ரார்ட் ஆகவில்லை. எண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும். ஸ்ரார்ட் ஆனது வானத்தில் நின்ற நேரத்தைவிட, அதைப் பற்றி அவர்கள் பேசிய நேரம் அதிகம்.

"எங்கடை சங்கக் கூட்டம் மாதிரியே கிடக்கு" என்றார் அத்தான், மிகுந்த மனநிறைவோடு.

அந்த நாட்களில் ஒவ்வொரு றிமோட்டுக்கும் ஒரு சனல் எண், அதாவது அலைவரிசை எண், உண்டு. ஒரே சனலில் இரண்டு றிமோட்டுகளை ஒரே நேரத்தில் போட்டால், பறந்துகொண்டிருப்பது யாருடைய சொல்லைக் கேட்பதென்று தெரியாமல் விழுந்து நொறுங்கும். அதற்காக வயலோரத்தில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு சனலுக்கும் அதில் ஒரு கிளிப். அந்தக் கிளிப்பை எடுத்துத் தொப்பியில் குத்தியவன்தான் றிமோட்டைப் போடலாம். பறந்து முடிந்ததும் கிளிப்பைத் திரும்ப வைக்க வேண்டும். பலகைக்குப் பக்கத்தில் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். கிளிப்பைக் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வாகனங்களுக்கும் ஆட்களுக்கும் மேலாகப் பறக்கவிடக் கூடாது, இப்படிப் பல.

அத்தானின் விதி, அவருடைய சனலும் கிளப் தலைவரின் சனலும் ஒன்றாக இருந்தன.

தலைவர் ஆறடிக்கு மேல் உயரம். சிரிக்கும்போதும் உத்தரவு போடுவதுபோல் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை அச்சொட்டாக, இரண்டு இயந்திரங்களோடு செய்து வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு பொம்மர். காலையில் வந்ததும் கிளிப்பை எடுத்துத் தொப்பியில் குத்துவார். பிறகு கோப்பி குடிப்பார், பழைய கதை சொல்வார், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவார், பின்னேரம் இருட்டுப்படும்போது ஒருமுறை பறக்கவிட்டுவிட்டுத்தான் கிளிப்பைத் திரும்ப வைப்பார். கால் மணி நேர விதி மற்றவர்களுக்கு. எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. செயலாளர் மட்டும், மெலிந்த மனிதர், அந்தத் தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் தாடையை இறுக்கிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். அத்தான் விமானத்தைப் பனியில் வைத்துவிட்டுக் காத்து நிற்பார். கடைசியில் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். வீட்டில் அவர் வாயில் தலைவர்தான்.

"நான் என்ரை றிமோட்டை ஒருக்காத் தட்டினாக் காணும், அவற்றை பொம்மர் நிலத்திலை. என்ரை நல்ல குணத்தாலை விட்டு வைச்சிருக்கிறன்."

இதை அக்கா ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள், உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டாள்.

பெப்ரவரியில் கிளப்பின் குளிர்கால விழா வந்தது. குடும்பத்தோடு வரலாம், சூடான சூப் உண்டு என்றார்கள். அத்தான் அக்காவை வற்புறுத்தி அழைத்து வந்தார். அவள் வந்தாள், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு முன் சீற்றில் போர்வைக்குள் இருந்தாள். அத்தான் தன் றிமோட்டை அவள் மடியில் வைத்தார். விதிப்படி எல்லாருடைய றிமோட்டையும் வாங்கி ஒரு மேசையில் அடுக்கி வைக்க வேண்டும். குளிரில் பற்றரி செத்துவிடும் என்பதால் அந்த ஒழுங்கு தளர்ந்திருந்தது.

"சூடா வைச்சிரும். உந்தச் சுவிச்சிலை மட்டும் கை வைக்கக் கூடாது, சரியே?"

"விளங்குது."

தலைவரின் பொம்மர் அன்று முதல் தடவையிலேயே ஸ்ரார்ட் ஆகிவிட்டது. பெண்களும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றதால் மனிதருக்கு உற்சாகம் தலைக்கேறியது. முதலில் வயலுக்கு மேலே சுற்றினார். கைதட்டினார்கள். பிறகு தாழப் பறக்கவிட்டார். இன்னும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கார்கள் நின்ற பக்கம் திருப்பி, கூரைகளை உரசுவதுபோல் ஒரு பாய்ச்சல். உயரே போய்த் திரும்பிக் குத்தி இறங்கி மறுபடியும் ஒரு பாய்ச்சல். இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து இரைந்த சத்தத்தில், ஊரில் போல நானே தலையைக் குனிந்துகொண்டேன். பழக்கதோஷம், நான் எங்கள் காரைத் திரும்பிப் பார்த்தேன். போர்வைதான் தெரிந்தது. அக்காவின் தலை தெரியவில்லை.

மூன்றாம் முறை அது எங்கள் காரை நோக்கி இறங்கியது. காருக்கு மேலே வந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்தது, துடித்தது, தலைகீழாகப் புரண்டது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பனிக்குள் குத்தி நின்றது. ஓர் இறக்கை மட்டும் சற்றுத் தாமதித்து, ஆறுதலாக வந்து விழுந்தது.

தலைவர் தன் றிமோட்டைப் பார்த்தார். தொப்பியைத் தடவினார். கிளிப் இருந்தது.

"யார் போட்டது?" என்று கத்தினார். "என்னுடைய சனலில் யார் போட்டது?"

அந்தச் சனலில் வேறு யார் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தானின் கையில் சூப்புக் கிண்ணமும் கரண்டியும்தான் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

விழாவை அப்படியே நிறுத்திவிட்டு, வயலோரத்தில் இருந்த கிளப்பின் குடிலுக்குள் அவசரக் கூட்டம் கூடியது. மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றிக் கிழவர்கள் உட்கார்ந்தார்கள். அத்தான் எழுந்தார். இத்தனை வருடச் சங்க வாழ்க்கை வீண்போகவில்லை. கூட்டத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கவில்லை என்றார். வாதியே தலைமை தாங்கலாமா என்றார். உயர் அழுத்த மின்கம்பி, டாக்சிக்காரரின் ரேடியோ, சூரியனில் ஏற்படும் மாற்றம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விசாரணைக் குழு அமைத்து அதற்குத் தானே தலைவராகியிருப்பார்.

அப்போது கதவு திறந்தது. அக்கா போர்வையோடே வந்து நின்றாள். றிமோட்டை மேசையில் வைத்தாள்.

"நான்தான் போட்டேன்" என்று, தான் வேலை செய்த தொழிற்சாலையில் பழகிய இங்கிலீஷில் சொன்னாள்.

அத்தான் தமிழுக்குத் தாவினார். "கை தவறிப் பட்டிட்டுது எண்டு சொல்லும்! தவறிப் பட்டிட்டுது எண்டு!"

"தவறிப் படேல்லை." அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. தலைவரைப் பார்த்து மறுபடியும் இங்கிலீஷில் சொன்னாள். "ஒருமுறை தலைக்கு மேல் வந்தது. பொறுத்தேன். இரண்டாம் முறையும் பொறுத்தேன். மூன்றாம் முறை வந்தது. நிறுத்தினேன்."

ஊரில் பதுங்குகுழிக்குள் இருந்து அவள் சபித்த விமானங்களுக்குக் கணக்கில்லை. அவள் சாபத்துக்கு ஒன்றுகூட மதிப்புக் கொடுத்து விழுந்ததில்லை. குடிலில் இருந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் நின்ற நிலையில் ஏதோ இருந்திருக்க வேண்டும். தலைவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

செயலாளர்தான் தொண்டையைச் செருமினார். பல வருடமாக இந்த ஒரு நாளுக்காகவே செருமாமல் வைத்திருந்த தொண்டை அது. றிமோட்டைப் போட்டது தவறு, சந்தேகமில்லை என்றார். ஆனால் அந்த றிமோட்டின் அன்ரனா இழுக்கப்படவே இல்லை, அதன் அலை சில அடிக்கு மேல் எட்டாது. பொம்மர் வயலுக்கு மேலே உயரத்தில் பறந்திருந்தால் ஒரு பாதிப்பும் வந்திராது. அது விழுந்ததற்குக் காரணம், அது காருக்கு மேலே, அந்தப் பெண்மணியின் தலைக்கு மேலே நின்றதுதான். "வாகனங்களுக்கும் ஆட்களுக்கும் மேலாக" என்று விதியைச் சொல்லத் தொடங்கினார். பலகையைப் பார்க்காமலே, ஒவ்வொரு சொல்லையும் சப்பிச் சுவைத்துச் சொன்னார்.

அதோடு எல்லாரும் வாய் திறந்தார்கள். கிளிப், கால் மணி நேரம், போன வருடத்துச் சந்தா, யாரோ யாருடைய கதிரையில் உட்கார்ந்தது என்று எல்லாம் வெளியே வந்தது. வெள்ளைக்காரர் சங்கம் வைத்தால் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எங்கள் கூட்டங்களில் ஒருவராவது சொல்லாமல் இருந்ததில்லை. அந்தப் பேச்சாளர்களை எல்லாம் அன்று அந்தக் குடிலுக்குள் கொண்டுவந்து இருத்தியிருக்க வேண்டும். தலைவர் தன் ஆட்கள் நாலைந்து பேரோடு வெளியேறி, மார்ச் வருவதற்குள் அடுத்த வயலில் புதுக் கிளப் தொடங்கினார். செயலாளர் தலைவரானார். காலியான பொருளாளர் கதிரைக்கு, கூட்ட நடைமுறை இவ்வளவு தெரிந்தவர் வேறு இல்லை என்று அத்தானைப் போட்டார்கள்.

அன்று திரும்பி வரும்போது காருக்குள் பெரிய சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தான் ஏதோ தொடங்கினார். "நீர் செய்த வேலை..."

"தம்பி, எனக்குப் பசிக்குது. டோனட் கடையிலை நிப்பாட்டு" என்றாள் அக்கா.

நிறுத்தினேன். ஒரு பெட்டி நிறைய வாங்கி, எங்களுக்கு ஒன்றுகூடத் தராமல் வீடு வரும்வரை சாப்பிட்டாள். இடையில் ஒருமுறை தானாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்தபடி வந்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை.

மார்ச் முதல் ஞாயிறு, கிளிப் பலகையில் சும்மா தொங்கியது. அத்தான் அதைத் தொப்பியில் குத்தினார். புதுத் தலைவர், முதல் பறப்பு என்றால் தான் பக்கத்தில் நின்று உதவுவதாகச் சொன்னார். அத்தான் பெருந்தன்மையோடு மறுத்தார். விமானம் பனியில் வழுக்கி ஓடி, உண்மையாகவே எழும்பியது. அந்த ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகும்போது வலது வலதுதான். திரும்பி எங்களை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். விமானம் பழகுகிறவன் முதலில் படிக்கிற பாடம் இது. அத்தான் பரீட்சைகளில் எப்போதும் முதல் பாடத்தைத்தான் விட்டுவிடுவார். இலையுதிர்காலம் முழுவதும் கட்டியது, ஒரு நிமிடத்துக்குள் பழையபடி பால்சா மரமாகிவிட்டது.

உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு காருக்கு வந்தபோது, ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. இரட்டை இயந்திர விமானத்தின் உருவம். யுத்த காலத்தில் எதிரி விமானத்தை வீழ்த்திய விமானி தன் விமானத்தின் பக்கத்தில் இப்படி ஒன்று வரைந்துகொள்வானாம். கிழவர்களின் பகிடி அது. வீட்டுக்கு வந்து அக்காவைக் கீழே கூட்டிப்போய்க் காட்டி, அர்த்தத்தைச் சொன்னேன். அவள் குனிந்து, அதன் மேல் படிந்த பனியை நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்த்தாள்.

"ஒண்டுதானே" என்றாள். பிறகு குளிருது என்று மேலே போய்விட்டாள்.

அத்தான் பல வருடம் பொருளாளராக இருந்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் பறக்கவிட்டதில்லை.