கிழியாத தாள்

ஜெசிந்தா டீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அவருக்காக உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் பேசியவர் அவருடைய கணவர் அந்தோனி. "டீச்சர், ஜெசி நம்மள விட்டுட்டுப் போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு மிச்சக் கிழங்கையும் துருவி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை.

ஹட்டனில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் இரசாயனவியலும் நான் உயிரியலும் கற்பித்தோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கஞ்சி டீச்சர்'. அது அவருக்கும் தெரியும். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார். அந்தோனியின் லொறியில் ராகலையிலிருந்து வரும் கழிவுக் கிழங்கிலிருந்து மா எடுத்து, அதில் பிளாஸ்டிக் போன்ற தாள் செய்வதுதான் அவருடைய பைத்தியம். என்னையும் அதில் இழுத்துவிட்டார்.

அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து நர்சரியில் தொடங்கியது அது. தேயிலைக் கன்றுகளை நடும்போது பொலித்தீன் பையைக் கிழித்து வீசுவார்கள். மலை முழுக்கக் கறுப்புத் துண்டுகள். "கன்னோட சேர்த்து நட்டா பையும் மண்ணாயிடணும் டீச்சர். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்பார். நர்சரியை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயாவும் சம்மதித்திருந்தார். "நல்ல பையா கொண்டாங்க, ஒரு பாத்தி ஒங்களுக்குத் தர்றேன். கன்னு வளர்ற வரைக்கும் கிழியக்கூடாது, ஆமா" என்று சொல்லிவைத்திருந்தார்.

முதலில் மாவை நிறையத் தண்ணீரில் காய்ச்சி, கிளிசரின் விட்டு, தட்டில் ஊற்றிக் காயவைத்தோம். கண்ணாடி போலத் தெளிந்த தாள் வந்தது. ஜெசிந்தா டீச்சர் அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சில நாளில் அது அப்பளமாக நொறுங்கியது. கொதியில் மா மணிகள் வெடித்து, உள்ளே இருந்த இழைகள் பிரிந்து கலக்கின்றன, ஆனால் ஆறிய பிறகு அவை மெல்ல மெல்ல மறுபடியும் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, அதனால்தான் விறைக்கிறது என்று விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது.

பனிமூட்ட மாதத்தில் தாள் காயவே மாட்டேன் என்றது. தோட்டத்துப் பிள்ளைகளான எங்கள் இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குத் தட்டுகளைத் தூக்கிப்போனோம். கீழிருந்து வந்த காற்றில் தாள்கள் ஒருபக்கம் மட்டும் காய்ந்து சுருண்டு எழுந்து நின்றன. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொழுந்துன்னு நெனைச்சிட்டீங்களா டீச்சர்? அடுத்து உருட்டிடவா?"

அதன் பிறகு தண்ணீரைக் குறைத்து, மாவைப் பிசைந்து, இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, துணி தேய்க்கும் அயனால் அழுத்தினார். இந்தத் தாள் நொறுங்கவில்லை, ஆனால் மங்கலாக, சொரசொரப்பாக வந்தது, இழுத்தால் கிழிந்தது. அயடீன் தடவி என் நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். ஊற்றிய தாள் ஒரே நீலமாக இருந்தது. அழுத்திய தாளில் வெடிக்காமல் தப்பிய மணிகள் கருநீலப் புள்ளிகளாகக் கிடந்தன. அதே மா, அதே கிளிசரின்தானே என்று நான் எரிச்சல்பட்டேன்.

"ஒரே கொழுந்துதான் டீச்சர். வாட்டி, உருட்டி, புளிக்க வச்சா கறுப்புத் தேயிலை. ஆவி காட்டினா பச்சைத் தேயிலை. நாம என்ன பண்றோமோ அதுக்குத் தக்கன உள்ளுக்குள்ள மாறிப்போகுது" என்றார்.

இறப்பதற்கு முதல் நாள் மாலை கூப்பிட்டார். "இந்தத் தடவ அமைஞ்சிருச்சுங்க டீச்சர்! எப்படின்னு நாளைக்கு வந்து சொல்றேன். நீங்க கெழங்கத் துருவி வைங்க." இப்போதே சொல்லுங்கள் என்றேன். "போன்ல சொன்னா ஒங்களுக்கு வெளங்காது" என்று சிரித்தார். அவர் எதையும் எழுதிவைக்கிறவர் இல்லை.

சாவு வீட்டில், பெட்டியை மூடும் நேரத்தில் அந்தோனி உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்ததாம். "அவ கடைசியா செஞ்சது. அவளோடயே போகட்டும்" என்று, ஜெபமாலை சுற்றிய கையருகே வைக்கப் போனார். எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அது மண்ணுக்குள் போய்விட்டால் எங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. "அண்ணே, ஒரு ஓரம் மட்டும்..." என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. முறுக்கி இழுத்தார். அதுவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற கண்டாக்கு ஐயா வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கத்திரிக்கோல் கொண்டாங்கம்மா" என்று அந்தோனி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். குரல் கொடுத்தவர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிவதற்குள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் சந்தோஷமும் இருந்தது. இதை யாரிடம் சொல்ல?

வெட்டித் தந்த துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். ஊற்றிய தாளைப் போலப் புள்ளியே இல்லை. ஆனால் ஊற்றிய தாளில் காணாத மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். ஊற்றினாரா, அழுத்தினாரா, ஊற்றியதை அரை ஈரத்தில் எடுத்து இழுத்து அழுத்தினாரா? தெரியவில்லை. "பாத்தி அப்படியே இருக்கு டீச்சர்" என்று கண்டாக்கு ஐயா சொல்லியனுப்பியிருக்கிறார்.

மீதித் தாள் ஜெசிந்தா டீச்சரோடு இருக்கிறது. மண்ணாகிறதா என்று அவர் பார்க்க ஆசைப்பட்ட தாளை, யாருமே தோண்டிப் பார்க்க முடியாத இடத்தில் வைத்துவிட்டோம்.

போய்வாருங்கள், டீச்சர். நீங்கள் சொன்னபடி கிழங்கு துருவி வைத்திருக்கிறேன். மா தண்ணீருக்கடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அடுத்து என்ன செய்ய?