கடற்புல்லுக்குச் சம்பந்தம் பேசிய டோகியே

டோகியே மீனவர் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் தலைவரே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம். குரல் மட்டும் குடாவின் அக்கரை வரை கேட்கும். ஜப்பானின் செத்தோ உள்கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகளில் ஒன்றின் தெற்குக் கரையில் இருக்கிறது இவாசே என்ற ஊர். அங்கே கடற்புல் சம்பந்தப்பட்ட எதுவும் டோகியேயைக் கேட்காமல் நடக்காது. அந்தப் பொறுப்பை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள், பிறகு திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுடைய கணவன் யசுகிச்சி நிலைவலைக்காரன். கரையோரமாக வலையைக் கட்டி நிறுத்திவிட்டு, மீன் தானாக வந்து விழும் வரை காத்திருக்கிற தொழில். மீன் தானாக வர வேண்டுமென்றால் புல் வேண்டும். கணவாய் புல்லில்தான் முட்டையிடும், மெபாரு என்கிற பாறைமீனின் குஞ்சுகள் புல்லுக்குள்தான் ஒளிந்து வளரும். தண்ணீர் கலங்கி, வெயில் கூடி, குடாவின் புல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கோயில் முனைக்குக் கீழே இரண்டு பள்ளி மைதானம் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது. ஆனால் என்ன அழகான திட்டு! ஆள் உயரத்துக்கு, ஒரே பச்சையில், வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடும்.

எட்டு வருஷமாக டோகியே அந்தத் திட்டிலிருந்துதான் விதை எடுத்தாள். ஜூன் தொடக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பூத்தண்டுகளை அறுப்பாள். தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீருக்குள்ளேயே காய்க்கிற புல் அது. தண்டுகளை வலைப்பைகளில் அடைத்துச் சிப்பி வளர்க்கிற மிதவைகளுக்கு அடியில் தொங்கவிட்டால், கோடை முடிவதற்குள் தண்டு அழுகி விதை தனியாகப் பைக்குள் தங்கிவிடும். அந்தப் பையைத் திறக்கிற நாளில் அடிக்கிற நாற்றத்துக்கு ஊர் நாய்கூடப் பக்கத்தில் வராது. பிறகு உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கிற பதரை நீக்கி, மூழ்கிய விதையை இலையுதிர் காலத்தில் கிழக்கு மணல்திட்டில் தூவுவாள். வசந்தத்தில் முளைக்கும், ஆகஸ்டில் செத்துப்போகும். இப்படியே எட்டு வருஷம்.

"உன் கைராசி அப்படி," என்று சிப்பி உடைக்கும் கொட்டகைப் பெண்கள் கேலி செய்தார்கள். டோகியே வாயால் பதில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

அந்த மே மாதம் யசுகிச்சி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னான்: "அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஒபோன் பண்டிகை வரைக்கும் பாப்போம். அப்பவும் புல்லு நிக்கலேன்னா படகை வித்துடலாம். ஹிமேஜி டவுன்ல மக வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு."

"எட்டாவது மாடில ரூம்ல உக்காந்து நீங்க என்ன பண்ணுவீங்க? லிப்டுக்கு வலை கட்டுவீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. அதுதான் டோகியேயைப் பயமுறுத்தியது. அவளுக்கு ஹிமேஜி வேண்டாம். கடலின் சத்தம் கேட்காமல் விழித்தெழுகிற வீட்டில் அவளால் ஒரு வாரம் இருக்க முடியாது.

அதே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து சகுமா என்ற பெண் வந்தாள். திட்டு முழுக்க நீந்தி நூற்றிருபது இடத்தில் இலை கிள்ளி, நூற்றிருபது சின்னப் பைகளில் போட்டு, எண் எழுதி மரபணுச் சோதனைக்கு எடுத்துப்போனாள். மூன்று வாரத்தில் திரும்பி வந்தவளின் முகம், மருத்துவமனை வராந்தாவில் பார்க்கிற முகம் போல இருந்தது.

"டோகியே சான், நூத்தியிருபது இலையும் ஒண்ணுதான்."

"ஒரே ஜாதின்னு எனக்குத் தெரியாதா?"

"ஜாதி இல்ல. ஒரே செடி. ஒரே ஒரு செடி. மண்ணுக்கடியில தண்டை ஓட்டி ஓட்டி, தன்னையே திரும்பத் திரும்ப மொளைக்க வெச்சிருக்கு. எத்தனை நூறு வருஷமாவோ."

யசுகிச்சி வலையைத் தைப்பதை நிறுத்தினான். "அப்ப அங்க நிக்கிறது பூராவும் ஒரே ஆளா?"

"ஆமா. பூத்தாலும் தன் மகரந்தமே தன் பூவுல விழுது. விதை பதராப் போகுது, பொழைச்சு மொளைக்கிறதும் நோஞ்சானா இருக்கு. ஒண்ணு தாங்காத சூட்டை எதுவுமே தாங்கல. வேற செடியோட கலந்திருந்தா, சிலது சாகும், சிலது நிக்கும்."

டோகியேவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து கோபம். எட்டு வருஷம் இடுப்பு வலிக்க வலிக்க ஒரே ஒரு புல்லுக்குப் பணிவிடை செய்திருக்கிறாள்! பிறகு மெதுவாக ஒரு நிம்மதி வந்தது: அவள் கையில் குற்றம் இல்லை.

"அப்ப வேற எங்கேர்ந்து எடுக்கறது?"

"ரொம்ப தூரத்துப் புல்லு வேண்டாம். வடக்குக் குளிர்ல வளந்தது இங்க வந்து தாங்காது. இதே கடல்ல, பக்கத்துலயே, நெறைய விதமான செடி கலந்து நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பாத்துட்டுதான் வரேன். முனைக்கு அந்தப் பக்கம், உராஹமா."

சகுமாவுக்குக் கதை தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும்.

இவாசேயில் முப்பது வீடுதான், முப்பதும் ஒன்றுக்கொன்று பங்காளி. அதனால் ஊருக்குள் பெண் எடுக்கிற வழக்கமே கிடையாது. பாட்டன் காலத்திலிருந்தே மருமகள் என்றால் முனையைச் சுற்றிப் படகில் உராஹமாவிலிருந்துதான் வருவாள். டோகியேயும் அப்படி வந்தவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்பு, எல்லைப்பாறைக்குப் பக்கத்தில் வலை கட்டுகிற தகராறில், அவளுடைய அண்ணன் மசுஜி யசுகிச்சியின் வலைக்கயிற்றை அறுத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கடற்புல் வேலை தொடங்கியபோது, அந்தச் சூடு ஆறாமல் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "உராஹமா புல்லு ஒரு தண்டுகூட நம்ம குடாவுக்குள்ள வரக்கூடாது," என்று சட்டம் போட்டவளும் இதே டோகியேதான். தன் கையால் தூரிகை பிடித்து எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டியும் விட்டாள். மனிதர்களுக்குத் தெரிந்திருந்த விஷயத்தைப் புல்லுக்கு மறுத்தது அவள் கோபம்தான். ஊர் தலையாட்டியது, பயத்தில்.

"பொண்ணு மட்டும் அங்கேர்ந்து வேணும், புல்லு வேணாமாக்கும்," என்றான் யசுகிச்சி, யாரையும் பார்க்காமல்.

"சும்மா இருங்க. எனக்கே இப்பத்தான் உறைக்குது."

ஜூன் முதல் வாரம். பூத்தண்டு பத்து நாளைக்குமேல் நிற்காது, தானே அறுந்து மிதந்து போய்விடும். டோகியே படகேறினாள். யசுகிச்சி ஓட்டினான், ஆனால் கரையில் காலை வைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டான். உராஹமா துறையில் மசுஜி கரிஅடுப்பில் கடல்விலாங்கு மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் நான்கைந்து பேர். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"யாரு? ஓ, இவாசே சட்டமன்றமா!"

"அண்ணே, ஒரு உதவி."

"என்ன உதவி? எங்க புல்லு தீட்டுன்னு பேப்பர்ல எழுதி ஒட்டினியாமே. எட்டு வருஷமா அதை நெனச்சு நெனச்சு நான் சரியா சாப்புடவே இல்ல."

"பாத்தா அப்படித் தெரியலையே," என்றாள் டோகியே, அவர் வயிற்றைப் பார்த்து. நான்கைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். மசுஜியும் சிரிப்பை அடக்க மீனைத் திருப்பினார்.

அவள் மடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள். சுவரிலிருந்து அவளே உரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"கொண்டாந்துட்டியா? அப்ப சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

கூட்டமே மிரளுகிற அந்தக் குரல் அன்று பாதிதான் வந்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். முகம் சிவந்துபோயிற்று. படித்து முடித்ததும், "தப்பு என்னோடது, அண்ணே. உங்க மேல இருந்த கோவத்தைப் புல்லு மேல காட்டிட்டேன். இந்தத் தடவை நிக்கலேன்னா இவரு படகை விக்கப்போறாரு. நான் ஹிமேஜிக்குப் போயிடணும்," என்றாள்.

மசுஜி எழுந்தார். காகிதத்தை வாங்கி, முறுக்கி, அடுப்பில் செருகினார். "நல்ல காகிதம். நல்லாப் புடிக்குது." பிறகு துறையோரம் போய், படகில் விறைத்து உட்கார்ந்திருந்த யசுகிச்சியிடம் ஒரு கயிற்றை வீசினார். "கட்டுங்க மாப்ளே. மீனு ஆறிப்போகும்." பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. யசுகிச்சி கயிற்றைப் பிடித்தான், ஏனென்றால் முகத்தில் வந்து விழுந்த கயிற்றைப் பிடிக்காமல் இருக்கிற மீனவன் கிடையாது. பிடித்த பிறகு கட்டாமல் என்ன செய்வது?

உராஹமாப் புல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஓரிடத்தில் முழங்கால் உயரம், ஓரிடத்தில் நெஞ்சளவு. சில இலை நாடா மாதிரி, சில வெறும் நூல். டோகியேயின் கை பழக்கத்தில் உயரமானவற்றை நோக்கியே போனது. பக்கத்தில் நின்று அறுத்த மசுஜி அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"அழகு பாத்துத்தானே எட்டு வருஷம் ஏமாந்த? சேத்துல நிக்கறது ஒரு பிடி, மணல்ல நிக்கறது ஒரு பிடி, ஆழத்துல ஒரு பிடி எடு. இந்தக் குட்டையனை விட்டுடாத. போன கோடையில மத்ததெல்லாம் வாடினப்ப இவன்தான் அசையாம நின்னான்."

நாற்பது பை நிறைந்தது. இவாசே துறையில் கொட்டகைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். "மருமக வந்தாச்சா? சீர் என்ன கொண்டாந்தா?" என்று ஒருத்தி கத்த, "நாத்தம்! செப்டம்பர்ல தெரியும்!" என்று டோகியே திருப்பிக் கத்தினாள். கோயில் முனையின் தண்டுகளும் அந்தப் பைகளோடு சேர்ந்து மிதவைக்கு அடியில் தொங்கின. அந்த வருஷம் உப்புக் கரைசலில் மூழ்கிய விதை முன்னெப்போதையும்விட மூன்று பங்கு. நவம்பரில் கிழக்கு மணல்திட்டில் தூவினார்கள். மார்ச்சில் முளை தெரிந்தது. டோகியே சந்தோஷப்பட மறுத்தாள். முளை எட்டு வருஷமும்தான் வந்தது.

அடுத்த கோடை இவாசே பார்த்திராத கோடை. ஒபோனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் முனைத் திட்டு சரிந்தது. ஐந்தே நாளில் முழுத் திட்டும் பழுத்து, இலையெல்லாம் கரையில் குவியலாக வந்து ஒதுங்கியது. ஒரே செடி, ஒரேயடியாகப் போயிற்று. டோகியே அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். படகை விலைக்குப் பார்க்க அக்கரைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

"வா, மணல்திட்டைப் பாத்துட்டு வரலாம்," என்றான் யசுகிச்சி.

"நான் வரல. நீங்க பாத்து என்கிட்ட சொல்லவும் வேணாம்."

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் படகில் ஏற்றினான். மணல்திட்டுக்கு மேலே எந்திரத்தை நிறுத்தி, கடலடியைப் பார்க்க அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியை எடுத்து, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தினான். கை துடுப்புக்கு வேண்டும், அதனால் அந்தக் கடலில் எல்லோரும் பெட்டியை வாயில்தான் பிடிப்பார்கள். பிடித்தால் பேச முடியாது.

"இருக்கா?"

"ம்ம்."

"இருக்குன்னு ம்ம்-ஆ, இல்லேன்னு ம்ம்-ஆ?"

"ம்ம்ம்."

"வாயிலேர்ந்து எடுத்துட்டுச் சொல்லுங்களேன்! உசுரு போகுது எனக்கு!"

அவன் எடுக்கவில்லை. துடுப்பை ஒரு பக்கம் தள்ளி, கொஞ்ச தூரம் போய், மறுபடி குனிந்தான். இன்னும் கொஞ்ச தூரம். திட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அப்படியே போனான். டோகியே படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் நிமிர்ந்தான். விளிம்பு அழுத்திய தடம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது.

"செத்தது செத்துக் கெடக்கு. பாதிக்கு மேல போச்சு," என்றான். "மிச்சம் நிக்குது. குட்டை, நெட்டை, நூலு மாதிரி ஒண்ணு, எல்லாம் கலந்து நிக்குது. உள்ள மெபாரு குஞ்சு. எண்ணிப் பாத்தேன், முடியல."

டோகியே படகின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த அக்கரைக்காரருக்குப் போன் பண்ணு. வர வேணாம்னு சொல்லு," என்றான்.

"என்ன காரணம் சொல்ல?"

"படகுக்கு வேலை இருக்குன்னு சொல்லு."

அவள் அவன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, பல்லால் கடித்து, தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தினாள். புல்லைப் பார்த்தாளோ இல்லையோ, பெட்டிக்குள் அவள் அழுகிற சத்தம் யசுகிச்சிக்கு நன்றாகவே கேட்டது.