மூன்று தடவை கேட்டவள்

எண்பதுகளில் திருநகரில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தவர் அவர். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பிக்குப் பதில் நூல் கட்டியிருக்கும். பாட்டு வரி வந்தால் பாடிக்கொண்டேதான் அடிப்பார்.

ஒருமுறை என் கட்டுரையை அவரிடம் அடிக்கக் கொடுத்திருந்தேன்; மறுநாள் பசுமலையில் திரைப்பாடல் கருத்தரங்கு. ஒரு பாட்டில் நாயகி தன் கேள்வியைப் பல்லவியில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மௌனமாகிறாள் என்பதுதான் என் கட்டுரையே. அந்த மனிதரோ ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவியைத் திரும்ப அடித்துவைத்திருந்தார்.

"பாட்டுப் புத்தகத்துல ஒரு தடவைதானே இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"அதுல அம்புட்டையும் போட எடம் பத்தாதுல்ல சார். ரெக்கார்டுல அந்தப் பிள்ள மூணு தடவ கேக்குது. நீங்க பாட்டக் கேட்டதே இல்லையா?"

"நான் எழுதுனத மட்டும் அடிங்க."

பாடாமல் அடித்துக் கொடுத்தார். கருத்தரங்கில் கைதட்டினார்கள்; ஆய்விதழிலும் வந்தது. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு எரிச்சல்தான். அந்த இசைத்தட்டைக் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.